வேர்வையில கிருமிக்கொல்லி இருக்கு சரி, அந்த "வரவே வராது" எங்கேர்ந்து வந்துச்சு?

லேப்தம்பி: பழையசோறு அண்ணன் நேத்து எழுதுனது: "வேர்வையிலயே டெர்ம்சிடின்னு கிருமிக்கொல்லி இருக்கு, ஒடம்பு செய்ற பெப்டைடுக்கெல்லாம் கிருமிகிட்ட எதிர்ப்பு வரவே வராது." (பெப்டைடுன்னா அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி.) மொத பாதி சரி, 2001ல ஜெர்மனி டியூபிங்கன்ல கண்டுபிடிச்சதுதான். ஆனா "வரவே" எங்க கெடச்சுது? ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற கிருமி தன் சவ்வுல லைசின்ங்கிற பிளஸ் சார்ஜ் அமினோ அமிலத்தை ஏத்திக்கிட்டு மைனஸ் சார்ஜை கொறைச்சுக்குது, பிளஸ் சார்ஜோட வர்ற டிஃபென்சின்ங்கிற நம்ம ஒடம்பு பெப்டைடுக்கு ஒட்டவே பிடி கெடைக்கல. இது எதிர்ப்பு இல்லாம வரவேற்பா?

பழையசோறு: தம்பி, பூச்சி தவளை மனுசன்னு கோடிக்கணக்கான வருஷமா இருக்குற ஆயுதம், இன்னிக்கும் வேலை செய்யுது. 1928ல கண்டுபிடிச்ச பென்சிலின் இப்பவே நெறைய கிருமிகிட்ட பல்லிளிக்குது.

லேப்தம்பி: "லேசுல வராது"ன்னு சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். "வரவே"ன்னு ஒரு ஏ போட்டீங்களே, அந்த ஏ-வுக்குத்தான் கணக்கு கேக்குறேன்.

மீன்கொத்தி: யாராச்சும் சொல்லுங்களேன், கண்ணீர்ல இருக்குற கிருமிக்கொல்லி லைசோசைமும் இந்தப் பெப்டைடுல சேருமா?

பழையசோறு: எனக்கே எலக்கணமா? வைட்டமின் டி திரியில எல்எல்-37ங்கிற ஒடம்பு பெப்டைடுக்கு 38 அமினோ அமிலம்னு போட்டவன்தானே நீ. பேர்லயே 37 இருக்குடா.

லேப்தம்பி: அது டைப்போ, அன்னிக்கே திருத்திட்டேன். நீங்க "வரவே"யை திருத்துனீங்களா?

சுக்குகாபி: லேப்தம்பி, டெர்ம்சிடின் பெப்டைடுக்கு நெகட்டிவ் சார்ஜ். உங்க லைசின் கதை அதுக்குப் பொருந்தாது.

லேப்தம்பி: நான் டிஃபென்சின்னுதான் எழுதிருக்கேன், கண்ணாடி போட்டுட்டு வாங்க. அவர் "பெப்டைடுக்கெல்லாம்"னு சொன்னாரு, ஒண்ணு தப்புனாலே அந்த எல்லாம் காலி. ஒடம்பு செஞ்சதுன்னா அமிர்தம்னு நெனைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு, ரொசேசியாவுல மூஞ்சி செவக்குறதுல அந்த எல்எல்-37 சேர்ற கேத்தலிசிடின் வகை பெப்டைடுக்குப் பங்கு இருக்கு, அளவு மீறிப்போனா நம்ம தோலையே பதம்பாக்கும். இதையும் சேத்து எழுதிருக்கலாம்ல, "வரவே"க்கு மட்டும் எடம் இருந்துச்சு.

பழையசோறு: பேச்ச மாத்தாத. ரெண்டு நாளா குளிக்கல, ஒரு கொப்புளம் வரல.

சுக்குகாபி: பக்கத்து வீட்டுக்காரங்கள கேட்டீங்களா?

பழையசோறு: நீ யாருய்யா நடுவுல, போன வருஷம் மஞ்சள் சண்டையிலயும் நீ அவன் பக்கம்தான்.

சுக்குகாபி: இப்பத்தானய்யா அவனையே திருத்துனேன்!

மீன்கொத்தி: லைசோசைம்?

லேப்தம்பி: அண்ணே, "வரவே"?

பழையசோறு: வராதுடா.