வான்கோ படத்த லயத்துக் காம்பராவா மாத்தி வரைஞ்சேன், இது கொப்பியா?

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். ஏ எல்லுக்கு, அதான் உயர்தரப் பரீட்சைக்கு, சித்திரமும் ஒரு பாடமா செய்றேன். ரெண்டு கிழமையா ஒரு விசயம் மனசப் போட்டு அரிக்குது, வீட்ல சொன்னா புரியாது, அதான் இங்க கேக்குறேன்.

எங்க மிஸ் ஒருநாள் வான்கோங்கிற டச்சு ஓவியர் 1885ல வரைஞ்ச 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்த போன்ல காட்டினாங்க. மேல ஒத்த விளக்கு தொங்குது, மேசையச் சுத்தி அஞ்சு பேரு, ஒரு தட்டுல கெழங்கு ஆவி பறக்குது, வலது பக்கம் ஒரு அம்மா கோப்பி ஊத்துறாங்க, நடுவுல ஒரு புள்ள நமக்கு முதுகு காட்டிக்கிட்டு இருக்கு. பாத்த ஒடனே எனக்கு தோட்டத்து லயத்துல நாங்க இருக்கிற ஒத்த ரூம், எங்க காம்பராதான் ஞாபகம் வந்துச்சு, அதே இருட்டு அதே பொகை அதே நெருக்கம். ராத்திரி தூக்கமே வரல, இத வரைஞ்சே ஆகணும்னு இருந்துச்சு.

அந்தப் படத்தோட அமைப்ப அப்புடியே எடுத்தேன், அத நான் மறைக்கல. ஆனா கெழங்குக்குப் பதிலா ரொட்டியும் கட்டசம்பலும், கோப்பிக்குப் பதிலா பால் போடாத தேத்தண்ணி, பிளேன்டி, விளக்குக்குப் பதிலா கரன்ட் போன ராத்திரி தம்பி தூக்கிப் புடிச்சிருக்கிற போன் டோர்ச். அதனால மஞ்ச வெளிச்சம் இல்ல, ஒரு மாதிரி வெள்ள வெளிச்சம், மொகமெல்லாம் வெளுத்துத் தெரியும். அம்மா மட்டும் உக்காரல, நிக்கிறாங்க, ஏன்னா எங்க வீட்ல அம்மா எல்லாரும் சாப்பிட்ட பொறகுதான் உக்காருவாங்க. முதுகு காட்டுற புள்ள நான், ஸ்கூல் வெள்ள யூனிபோமோட. நெழலுக்கு பெயின்ட் பாவிக்கல, டஸ்ட் தேயிலைய கட்டியா கொதிக்க வச்சு அந்தச் சாயத்தத்தான் பிரிஸ்டல் போர்ட்ல ஏழெட்டுத் தடவ ஏத்தினேன்.

கண்காட்சில வச்சப்போ பாக்க வந்த ஒரு நடுவர், இது வான்கோ படமாச்சே, ஒங்க ஐடியா எங்கன்னு கேட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. ஒரு நிமிசம் கூட நிக்கல. அதுக்கப்புறம் கிளாஸ்ல ரெண்டு பேரு பாத்து அடிச்சது, கொப்பி கொப்பின்னு சொல்றாங்க. கார்ட்ல என் பேரு, வகுப்பு, படத்தோட தலைப்பு மட்டுந்தான் எழுதியிருந்தேன், வான்கோ பேர எழுதல. எழுதணும்னே தெரியாது, சத்தியமா.

எவ்வளவு மாத்தினா அது என்னோடது? இந்தப் படத்த இதோட விட்டுட்டு வேற ஏதாவது செய்யவா?

பதுளைப்பக்கம்:

தங்கச்சி கோவிச்சுக்காதீங்க, அந்த நடுவர் பக்கமும் யோசிங்க. இப்ப புள்ளைங்க பின்ட்ரெஸ்ட்ல ஒரு படத்த எடுத்து கலர மாத்தி தன்னோடதுன்னு குடுக்குதுங்க, ஒரே கண்காட்சில ஒரே மாதிரி மூணு மயில் தொங்குறத நானே பாத்திருக்கேன். அத நாள் முழுக்க பாத்துட்டு வர்ற மனுசன் ஒங்க படத்தப் பாத்தா அவருக்கும் அப்புடித்தான் தோணும். சொந்தமா ஒரு ஐடியா யோசிங்க, கஷ்டம்தான், ஆனா பரீட்சை ஹோல்ல வான்கோ வந்து ஒக்கார மாட்டாரு.

சோக்குத்துண்டு:

நான் சித்திரம் படிச்சுக் குடுக்கிற ஆளு, வருசம் இருவதுக்கு மேல ஆச்சு. மேல எழுதினவரு சொன்ன மயில் கதை உண்மை, எனக்கும் அதே தலையிடிதான். ஆனா மகள், நீங்க செஞ்சது அது இல்ல, ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பக் கூடாது.

ஒங்கள கொப்பின்னு சொல்றவங்களுக்கு வான்கோவையே காட்டுங்க. அவரு 1887ல பாரிஸ்ல இருக்கப்போ ஹிரோஷிகேங்கிற ஜப்பான் ஓவியரோட ரெண்டு மர அச்சுப் படத்த எடுத்து எண்ணெய் வர்ணத்துல வரைஞ்சாரு, ஒன்னு பூத்த தோட்டம், இன்னொன்னு மழையில பாலம். சுத்திவர ஜப்பான் எழுத்தையே பூ வேலை மாதிரி ஓரமா போட்டு வச்சாரு. அப்புறம் 1889 கடைசியில பிரான்ஸ்ல சென் ரெமிங்கிற ஊர்ல மனநோய் விடுதில கெடந்தப்போ, வெளிய போக முடியாம, மில்லேங்கிற பிரெஞ்சுக்காரரோட படங்கள இருபதுக்கு மேல வரைஞ்சிருக்காரு. கையில இருந்தது கறுப்பு வெள்ளை அச்சு மட்டுந்தான், கலர் எல்லாம் அவரே யோசிச்சுப் போட்டது. இது கொப்பி எடுக்கிறது இல்ல, கறுப்பு வெள்ளைய கலர்ங்கிற இன்னொரு பாஷைக்கு மொழிபெயர்க்கிறதுங்கிற அர்த்தத்துல தம்பிக்கு கடிதமும் எழுதினாரு. மில்லே படம்னு அவரு எங்கயும் மறைச்சதில்ல, பாருங்க, அதுதான் முக்கியம்.

பிக்காசோ 1957ல வெலாஸ்கெஸ்ங்கிற பழைய ஸ்பெயின் ஓவியரோட ஒரே ஒரு அரண்மனைப் படத்த வச்சுக்கிட்டு ஒரு தொடராவே வரைஞ்சாரு, மொத்தம் 58 படம், இப்ப பார்சிலோனால இருக்கு. அவ்வளவு தூரம் ஏன் போகணும், நம்ம கண்டில பொறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்ற பாருங்க. பிக்காசோ கிட்ட இருந்து உருவத்த துண்டு துண்டா வெட்டிக் காட்டுற கியூபிசத்து வெட்டுக் கோடு, கோயில் சிலை கிட்ட இருந்து ஒடம்போட வளைவு, ரெண்டையும் ஒரே கோட்டுல கொண்டாந்தாரு. பொரளை கோதமி விகாரைல 1939லயும் 1940லயும் அவரு வரைஞ்ச சுவர் ஓவியம் இருக்கு, கொழும்பு போனா கட்டாயம் பாருங்க. கடன் வாங்கினது கண்ணுக்கு முன்னாடி தெரியும், இருந்தும் அது கீற் படம்தான்.

இப்ப ஒங்க படம். எவ்வளவு மாத்தினா என்னோடதுன்னு கேட்டீங்க, அதுக்கு வீதக் கணக்கெல்லாம் இல்ல. நான் புள்ளைங்ககிட்ட கேக்குறது வேற: மாத்தினத ஏன் மாத்தின? ஒங்க அம்மா நிக்கிறதுக்கு ஒங்ககிட்ட காரணம் இருக்கு, அந்தக் காரணம் வான்கோகிட்ட இல்ல, ஒங்க வீட்ல இருக்கு. டோர்ச் வெளிச்சமும் அப்புடித்தான், வெளிச்சம் மாறினதும் படத்தோட உணர்ச்சியே மாறிடுச்சு, அவரு படத்துல இருக்கிற சூடு ஒங்களோடதுல இருக்காது, வேற ஏதோ ஒன்னு இருக்கும். தேயிலைச் சாயமும் நல்ல யோசனைதான், ஆனா இப்ப நெறைய பேரு அத பாவிக்கிறாங்க, அதனால அது மட்டும் ஒங்கள காப்பாத்தாது. ரொட்டியும் பிளேன்டியும் வெறுமனே பொருள மாத்தினதுதான், அங்க இன்னும் யோசிக்கலாம்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. கைய எங்க பாத்து வரைஞ்சீங்க? அந்தப் படத்துல இருக்கிற கையவா, ஒங்க வீட்டுக் கையவா? ஏன் கேக்குறேன்னா, வான்கோவுக்கு அந்தப் படத்துல கைதான் விசயமே. மண்ணக் கிண்டின அதே கைதான் தட்டுக்குள்ள போகுதுன்னு காட்டத்தான் வரைஞ்சேன்னு தம்பிக்கு எழுதியிருக்காரு. அதுக்காக அந்தக் குளிர் காலம் முழுக்க குடியானவங்க தலையும் கையுமா வரைஞ்சு தள்ளினாரு, தலை மட்டும் நாப்பது கிட்ட வரும். படத்தோட அச்சுப் பிரதியப் பாத்துட்டு சினேகிதன் ரப்பார்ட் கூட கண்டபடி குறை எழுதினாரு, அதோட சினேகிதமும் முறிஞ்சுது. ஒரு நடுவர் ஒரு நிமிசம் நிக்கலன்னு படத்த விடவேணாம்.

மழைக்காம்பு:

நான் கலைஞன் இல்ல, ஆனா இந்த விசயத்துல எனக்கு ஒரு வலி இருக்கு, அதனால எழுதுறேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி எங்கம்மா மலையில கொழுந்து எடுக்கிறப்போ நான் ஒரு போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டேன். மழை பேஞ்சிட்டிருந்துச்சு, படங்குச் சாக்கு தலையில, அம்மா கமராவப் பாக்காம கீழ கொழுந்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு போட்டில பரிசு வாங்கின படம்னு யாரோ ஷேர் பண்ணியிருந்தாங்க, பாத்தா எங்கம்மா. சாக்கோட மடிப்பு கூட அதே. பின்னால இருந்த மலைய மட்டும் நீலமாக்கி சூரியன் வச்சிருந்துச்சு அத வரைஞ்ச புள்ள. எங்கிட்டயும் கேக்கல, அம்மாகிட்டயும் கேக்கல, பேரும் இல்ல, தலைப்பு 'உழைக்கும் பெண்'. அம்மாகிட்ட காட்டினேன், இது நான் தானேன்னு சிரிச்சாங்க, அப்புறம் பரிசு எவ்வளவுன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதனால எல்லாம் ஒன்னு இல்லன்னு சொல்ல வர்றேன். வான்கோ செத்தது 1890ல. நம்ம நாட்டுல 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துப்படி ஒரு படைப்புக்கு படைச்சவரு உசிரோட இருக்கிற காலமும் அவரு செத்து 70 வருசமும்தான் உரிமை, அதனால வான்கோவ யாரும் தொடலாம். என் போட்டோ அப்புடி இல்ல. நெட்ல கெடந்துச்சு எடுத்தேங்கிறது பதில் ஆகாது. அமெரிக்கால கூட அன்டி வோர்ஹோல்ங்கிற ஓவியர் ஒரு போட்டோகிராபர் எடுத்த பாடகர் பிரின்ஸோட போட்டோவ வச்சு செஞ்ச படத்த, அவரு செத்த பொறகு அவரு பேர்ல இருக்கிற அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு காசுக்குக் குடுத்த வழக்குல, 2023ல உச்ச நீதிமன்றம் 7க்கு 2ன்னு போட்டோகிராபர் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லிச்சு. அவ்வளவு பெரிய ஆளோட படத்துக்கே அப்புடின்னா, மலைய நீலமாக்கினா போதுமா?

தங்கச்சி நீங்க அப்புடிச் செய்யல, தெரியும். இருந்தாலும் கார்ட்ல பேரு போடாதது தப்புதான். அடுத்த தடவ போடுங்க.

கொழுந்துக்கூடை:

அண்ணே உங்க அம்மா கதைய வாசிச்சிட்டு ரொம்ப நேரம் ஒன்னும் எழுத முடியல. பேரு போடாதது தப்புன்னு இப்ப நல்லாப் புரியுது.

சேர், கைய நான் வான்கோ படத்த போன்ல பெருசாக்கிப் பாத்துத்தான் வரைஞ்சேன். அம்மா கை இல்ல. இத எழுதவே கூச்சமா இருக்கு.

பொகவந்தலாவ_ஆள்:

நல்ல பேச்சு போகுது, ரெண்டு விசயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன், எனக்கு பழைய கதைகள்ல கொஞ்சம் பைத்தியம்.

சேர், பிளேன்டி வெறுமனே பொருள மாத்தினதுன்னு சொன்னீங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். அந்தப் படத்துல ஊத்துறது கோப்பி. நம்ம ஆளுங்கள இந்தியால இருந்து மொதல்ல இந்த மலைக்குக் கொண்டாந்தது தேயிலைக்கு இல்லையே, கோப்பிக்குத்தானே. 1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற வெள்ளைக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை வச்சாரு, 1869ல கோப்பி எலையில துரு நோய் கண்டுச்சு, 1885ல வான்கோ அந்த அம்மா கையில கோப்பிய வரைஞ்சப்போ இங்க கோப்பி செத்துக்கிட்டும் தேயிலை ஏறிக்கிட்டும் இருந்த காலம். அந்தக் கோப்பைல கோப்பிய எடுத்துட்டு தேத்தண்ணிய ஊத்தினது ஒங்களுக்குத் தெரியாமலே நம்ம மலையோட கதைய ஊத்தின மாதிரி ஆயிடுச்சு தங்கச்சி. தெரிஞ்சே ஊத்தினீங்கன்னா இன்னும் பலமா இருக்கும். ஒரு ஓரத்துல ஒரு பழைய கோப்பிச் செடி கெளை கூட வைக்கலாம், எங்க பக்கம் லயத்துப் பின்னால இன்னும் ஒன்னு ரெண்டு நிக்குது.

மத்தது, எங்க ஊரு சென் மேரி கோயில் கல்லறைல ஜூலியா மார்கரட் கமரன்னு ஒரு அம்மா இருக்காங்க, 1879ல திக்கோயா பக்கம் செத்தவங்க. உலகத்துலயே பெரிய பேரு வாங்கின போட்டோகிராபர். இங்கிலாந்துல இருக்கப்போ அவங்களும் பழைய இத்தாலிய ஓவியத்துல இருக்கிற மாதிரி மனுசர நிக்க வச்சுத்தான் போட்டோ எடுத்தாங்க, 1872ல ஒரு சின்னப் புள்ளைக்கு செறக வச்சு ரஃபாயல் படத்து தேவதூதன் மாதிரி சாஞ்சு நிக்க வச்சு எடுத்தது ரொம்பப் பிரபலம். இலங்கைக்கு வந்த பொறகு இங்கத்த கூலி வேலை ஆளுங்களயும் எடுத்தாங்க. 1878ல எடுத்த ஒரு படத்துக்கு 'களுத்துறைக் குடியானவர் குழு'ன்னு தலைப்பு. எடுத்தவங்க பேரு நூத்தம்பது வருசமா நிக்குது, படத்துக்குள்ள நின்னவங்க பேரு தலைப்புல இல்ல. மழைக்காம்பு அண்ணன் எழுதினத வாசிச்சப்போ இதுதான் நெஞ்சுல வந்து நின்னுச்சு. கார்ட்ல வான்கோ பேர எழுதுறப்போ வீட்டு ஆளுங்க பேரையும் எழுதுங்க தங்கச்சி, அவங்ககிட்ட கேட்டுட்டு.

பதுளைப்பக்கம்:

நான் மொதல்ல அவசரப்பட்டுட்டேன். கோப்பி விசயம் எனக்குப் புதுசு. படத்த விடாதீங்க தங்கச்சி.

கொழுந்துக்கூடை:

நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், போன் தம்பிகிட்ட இருந்துச்சு.

அம்மாகிட்ட படத்தக் காட்டினேன், மொதல் தடவையா. கண்காட்சிக்கு அம்மாவால வர முடியல, அன்னைக்கு வேலைக்கு வந்ததா பேரு விழாட்டி சம்பளம் போயிரும். அடுப்புப் பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. நான் நிக்கிறது சரிதான்னு சொன்னாங்க. அப்புறம் கையக் காட்டி, இது யாரு கை, எனக்கு இவ்வளவு மொத்தமான வெரலான்னு கேட்டாங்க. நான் நகத்தச் சுத்தி கறை போட்டிருந்தேன். அங்க இல்லடி, இங்கன்னு ஆள்காட்டி வெரலோட உள்பக்கத்தையும் பெருவெரல் நுனியையும் விரிச்சுக் காட்டினாங்க, கொழுந்த ஒடிக்கிற எடம் அதுதானே, கறுப்பு அங்கதான் ஏறும்னு. பதினெட்டு வருசமா அந்தக் கையால சாப்பிட்டு வளந்திருக்கேன், ஒருநாளும் பாத்ததில்ல.

இப்ப ராத்திரில அம்மா ரொட்டி தட்டுறப்போ ஒக்காந்து கைய மட்டும் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் பதினொன்னு. ஒன்னும் சரியா வரல, பெருவெரல்தான் கஷ்டமா இருக்கு. கார்ட்ட புதுசா எழுதிட்டேன், 'வின்சன்ட் வான்கோ 1885ல் வரைந்த உருளைக்கிழங்கு உண்பவர்கள் ஓவியத்தின் அமைப்பைத் தழுவியது'ன்னு. கீழ எங்க அஞ்சு பேரு பேரும். அம்மா தன் பேருக்குப் பக்கத்துல பாட்டி பேரையும் போடச் சொன்னாங்க, பாட்டி படத்துல இல்ல, ஆனா அந்த ரொட்டிக் கல்லு பாட்டியோடது.