பந்திங்கில் தங்கி வெஸ்ட்போர்ட்டுக்கு எலக்ட்ரீசியன் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு

ஐ.டி.ஐ. முடித்து ஊரிலிருந்து மலேசியாவுக்கு வரும் தம்பிகள் பலரும், பந்திங்கில் தங்கி வெஸ்ட்போர்ட் துறைமுகத்தில் வேலை பார்க்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேலை பெர்மிட். அதில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ, அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். சுற்றிப் பார்க்கத் தரும் விசிட் பாஸில் வந்து வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வருபவரைப் பெரும்பாலும் ரீஃபர் யார்டில்தான் விடுவார்கள். இறைச்சியும் பழமும் வரும் குளிர் கண்டெய்னர்கள் அங்கே நிற்கும். த்ரீ ஃபேஸ், 32 ஆம்பியர், நான்கு பின் பிளக். ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரின் பிளக்கை அப்படியே உருவாதீர்கள். முதலில் யூனிட்டை ஆஃப் செய்யுங்கள், அடுத்து சாக்கெட் சுவிட்ச், அப்புறம்தான் பிளக். மாட்டும் முன்பு பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கடல் காற்றுக்குப் பித்தளையில் பச்சை பூத்திருக்கும். ஒரு பின் மட்டும் கறுத்திருந்தால் அங்கே லூஸ் கனெக்‌ஷன், சூடேறிக்கொண்டிருக்கிறது. அதை மாட்டாமல் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள்.

கிரேன் பக்கம் கதை வேறு. கப்பலோரப் பெரிய கிரேன்களுக்குக் கேபிள் ரீல் வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட்டில் கரண்ட் போகும். ஊரில் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், சுருஹான்ஜாயா தெனாகா (மலேசிய எரிசக்தி ஆணையம்) தரும் சார்ஜ்மேன் சான்றிதழ், அதாவது மின் அமைப்புக்குப் பொறுப்பேற்கும் தகுதிச் சான்றிதழ், உள்ளவர் சொல்லாமல் அந்தப் பேனலைத் திறக்கக் கூடாது. ஏ வகை சான்றிதழ் லோ வோல்டேஜுக்கு, பி வகை ஹை வோல்டேஜுக்கு. கிரேன் மோட்டாரை ஓட்டும் டிரைவ் பேனலில் மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். மூடியில் எழுதியுள்ள நேரம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கப்பல் காத்திருக்கிறது, சீக்கிரம் முடி என்று மேலே இருந்து சத்தம் வரும். வரட்டும். வேறு யாரும் ஆன் செய்யாதபடி, அணைத்த பிரேக்கரில் உங்கள் பூட்டு தொங்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். நண்பன் பூட்டியிருக்கிறான் என்பது போதாது. இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள், தம்பி.

பந்திங்கில் தோட்டத்திலிருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்ட நம் குடும்பங்கள் நிறைய. பெரியவர்களை ஐயா, அக்கா என்று கூப்பிட்டு விசாரித்தால் அறை கிடைத்துவிடும். வெஸ்ட்போர்ட் இருக்கும் பூலாவ் இண்டா தீவுக்குப் போகும் சாலையில் இரவில் லாரிகள் அதிகம். கம்பெனி வேன் இருந்தால் அதிலேயே போங்கள்.

வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. சம்பள ரசீதில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பிடித்திருக்கிறார்களா என்று மாதாமாதம் பாருங்கள். வேலையில் அடிபட்டால் அதுதான் கைகொடுக்கும்.