ஆரஞ்சு வாலா, செம்முனையா? – ஓர் ஊசித்தட்டானுக்குப் பெயர்

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தில் Orange-tailed Marsh Dart எனப்படும் ஊசித்தட்டானுக்கு (தட்டானைப் போன்ற மெலிந்த பூச்சி) 'ஆரஞ்சுவால் சதுப்பு ஈட்டி' என்று தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலப் பெயரை அது சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறது, பூச்சியைப் பார்க்கவில்லை.

முதலில், அது வால் அன்று, வயிறு. பத்துக் கண்டங்கள் (வளையம் போன்ற துண்டுகள்) கொண்ட மெலிந்த வயிறு. இரண்டாவது, நிறம் நுனியில் மட்டும் இல்லை. நீரோரப் புல்லில் அது அமர்ந்திருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள்: பச்சைக் கண்கள், வெளிர்நீலம் கலந்த பச்சை மார்பு, அதை ஒட்டிய முதல் இரண்டு கண்டங்கள் செங்கல் சிவப்பு, நடுவில் முதுகுப்புறம் நீளமாகக் கறுப்பு, கடைசி நான்கு கண்டங்கள் மீண்டும் அதே சிவப்பு. இரு முனையிலும் சிவப்பும் இடையில் கறுப்பும் இருப்பதுதான் இதன் அடையாளம். பெண்ணுக்கும் இதே அமைப்புத்தான், சற்று மங்கலாக. 1865-இல் பூச்சியியலாளர் பிரௌவர் இந்த இனத்துக்கு வைத்த 'செரினோரூபெல்லம்' என்ற இலத்தீன் பெயரிலும் மெழுகு நிறமும் செம்மையும் இருக்கின்றனவே தவிர, வால் இல்லை.

ஆகவே என் பரிந்துரை: செம்முனைச் சதுப்பூசி.

'ஈட்டி' வேண்டாம். ஊசித்தட்டான் என்று மக்கள் வாயில் ஏற்கெனவே ஊசி இருக்கிறது. 'தும்பி' என்று முடிக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். சங்கப் பாடல்களில் தும்பி தேன் தேடும் வண்டு. அந்தக் குழப்பத்தை நாமும் வளர்க்க வேண்டியதில்லை. தட்டான் விரித்த இறகோடு அமரும், ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் மடித்து வைக்கும். இவ்வளவு தெளிவான வேறுபாட்டை ஊசி என்ற ஒரு சொல் ஏந்தி நிற்கும்போது அதைக் கைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சதுப்பூசி என்பதை இந்தப் பூச்சி அடங்கிய செரியாக்ரியான் பேரினம் முழுவதற்கும் வைக்கலாம். அப்போது ஆணின் வயிறு முழுக்க மஞ்சளாக, கறையே இல்லாமல் இருக்கும் கோரமண்டலியானம் இனம் 'மஞ்சள் சதுப்பூசி' ஆகும். படத்தில் இரண்டையும் பிரித்தறிய வயிற்றைப் பார்த்தால் போதும். பெயரும் அங்கேயே கைகாட்டுகிறது.

ஒரே தயக்கம்: புணர்ச்சியில் 'சதுப்பூசி' என்பதைப் 'பூசி' என்று பிரித்துப் படித்துவிடுவார்களோ? 'சதுப்பு ஊசி' என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் இதற்கு மட்டும் விடை சொன்னால் போதும்.