அஸ்பார்டேமை நிறுத்தினேன், வலி குறைந்தது: காரணம் அதுதானா?

காலைவெயில் கேட்டது:

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் தசைவலி நீடிக்கும் நோய், என்று உறுதியாகி நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம், எந்த ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாமல் அலைந்தேன். இப்போது வலிக்குப் பிரீகாபலின் மாத்திரை எடுக்கிறேன். வலி ஓரளவு அடங்கியது, ஆனால் பத்து மாதத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. அதனால்தான் சர்க்கரையை விட்டேன். காலைக் காபிக்கு அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு மாத்திரை இரண்டு, சாயங்காலம் சர்க்கரை இல்லாத கோலா இரண்டு கேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

போன மாதம் நெருங்கிய உறவினர் ஒருவர், "இந்த மாத்திரையால்தான் உனக்கு இந்த நோயே, நீயே வரவழைத்துக்கொண்டாய்" என்றார். அன்று இரவு அழுதேன். மறுநாளே இரண்டையும் நிறுத்திவிட்டேன். இன்றோடு மூன்று வாரம். காலையில் கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. தலை வாரக் கையைத் தூக்க முடிகிறது! இதைச் சொல்லும்போதே மனம் நிறைகிறது. ஆனால் அவர் சொன்னது உண்மையா? இனி வாழ்நாளுக்கும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாதா?

மூன்றாம்மாடி எழுதியது:

சகோதரி, முதலில் ஒன்று. உங்களுக்கு வலி தொடங்கி ஆறு வருடம், மாத்திரை தொட்டு ஒன்றரை வருடம். நீங்கள் எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சை மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள்.

எனக்கும் ஃபைப்ரோ, ஒன்பது வருடமாக. இந்த அஸ்பார்டேம் விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பேச்சு காற்றில் வந்தது அல்ல. 2001-இல் சமையலில் சுவைக்குச் சேர்க்கும் மோனோசோடியம் குளூட்டமேட்டை, அல்லது அதோடு அஸ்பார்டேமையும் நிறுத்திய நான்கு பேருக்கு ஃபைப்ரோ வலி நீங்கியதாக மருத்துவ இதழில் வந்தது. 2010-இல் இன்னும் இருவர். அதில் ஒரு பெண்ணுக்கு விடுமுறையில் வெளிநாடு போனபோது வலி போய்விட்டது. வீடு திரும்பி அஸ்பார்டேமைத் தொடங்கியதும் வந்துவிட்டது. ஆனால் 2014-இல் ஃபைப்ரோ உள்ள 72 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் இந்த இரண்டையும் நிறுத்திப் பார்த்தார்கள். வலியில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஆக, சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், எல்லோருக்கும் அதுதான் காரணம் என்று சொல்ல இடமில்லை. அளவைப் பார்த்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை.

எனக்குச் சந்தேகம் கோலா மேல்தான். அதில் அஸ்பார்டேம் மட்டுமா இருக்கிறது? கஃபீன் இருக்கிறதே. பொதுவாகக் குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். நம் நோயில் தூக்கம் கெட்டால் மறுநாள் வலி ஏறும், இது உங்களுக்கே தெரியும். ஒரே நாளில் இரண்டு பொருளை நிறுத்தினீர்கள், எது உதவியது என்று எப்படிச் சொல்வது? இந்த மூன்று வாரமாக எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?

நீலக்குடை எழுதியது:

என் அனுபவத்தையும் சொல்கிறேன், தோழி. எனக்கு இரவில் வலிக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை. வாய் வறண்டுபோகும் என்பதால் நாள் முழுக்கச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றேன். வயிறு உப்பி, இடுப்பு வரை இழுத்துப் பிடித்தது. ஃபைப்ரோதான் முற்றுகிறது என்று பயந்துபோனேன். கடைசியில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் சார்பிட்டால், மால்டிடால் என்று சர்க்கரைக்குப் பதில் போடும் இரண்டு இனிப்புகள். இவை குடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை, மிச்சம் பெருங்குடலில் புளித்து வாயுவாகும். நம்மில் பலருக்கு எரிச்சல் குடல் நோயும் சேர்ந்தே இருப்பதால் இன்னும் மோசம். அதை நிறுத்திய நான்காம் நாளே வயிறு அடங்கியது, தோள் வலி மட்டும் அப்படியே இருந்தது. அதனால் அஸ்பார்டேமுக்குப் பதில் வேறு இனிப்புக்கு மாறுகிறீர்கள் என்றால் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். (வீட்டில் நாய் இருந்தால் இதே வகை இனிப்பான சைலிட்டால் கலந்த எதையும் அதற்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அதற்கு அது விஷம்.)

அப்புறம் எடை. எடையைக் கட்டுப்படுத்த அஸ்பார்டேம் போன்ற இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லிவிட்டது. பிரீகாபலினால் எடை கூடுவது தெரிந்த விஷயம்தான், டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

காலைவெயில் எழுதியது:

மூன்றாம்மாடி அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு மணி ஆகும் கண் மூட. இப்போது பதினொன்றுக்கே தூங்கிவிடுகிறேன். வலி குறைந்ததால் தூக்கம் வந்தது என்று நினைத்திருந்தேன். திருப்பிப் போட்டுப் பார்க்கவே இல்லை.

கோலா இனி வேண்டாம். நாளைக் காலைக் காபியில் மட்டும் மாத்திரையைத் திரும்பப் போடுகிறேன், இரண்டு வாரத்துக்கு. வேறு எதையும் மாற்றப் போவதில்லை. நோட்டில் மூன்று கட்டம் போட்டு வைத்துவிட்டேன்: தூங்கிய நேரம், காலை இறுக்கம், வயிறு. உறவினரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை.