பில் இல்லாத விற்பனையும் கணக்கரின் மனச்சாட்சியும்

கேள்வி: கணக்கர், தூத்துக்குடி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் ஒரு மொத்த விற்பனை ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களில் சிலர் வரியைத் தவிர்ப்பதற்காக பில் வேண்டாம் என்கிறார்கள். அந்த விற்பனையைக் கணக்கில் ஏற்றாமல் துண்டுச்சீட்டில் எழுதி வைக்கும்படி முதலாளி இப்போது என்னிடம் சொல்லியிருக்கிறார். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் தந்து உதவியவர் என்பதால், அவர் முகத்தைப் பார்த்து மறுக்கத் தயக்கமாக இருக்கிறது. போதகர் ஜெபிக்கச் சொன்னார், ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலையை விடுவது ஒன்றுதான் வழியா?

மறுமொழி: வரி ஆலோசகர், நாகர்கோவில்

சகோதரரே, எது தவறு என்பதை முதலில் சரியாக அறிந்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெறாத ஒருவர் 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்கி, பில்லும் கேட்காவிட்டால், தனி பில் போட வேண்டியதில்லை. அத்தகைய விற்பனைகளை நாள் முடிவில் ஒரே பில்லாகத் தொகுத்தால் போதும் என்று ஜி.எஸ்.டி. விதியே சொல்கிறது. அதற்கு மேற்பட்டதைத் துண்டுச்சீட்டோடு நிறுத்துவது வரி ஏய்ப்பு. வாங்குகிறவரே கேட்டுக்கொண்டாலும் அது நியாயமாகிவிடாது.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

லூக்கா 3-ஆம் அதிகாரத்தில், ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்களை, அதாவது வரி வசூலிப்பவர்களை, யோவான் ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருக்கவே சொன்னார்; ஆனால் அதே சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் லேவி என்ற ஆயக்காரன், இயேசு அழைத்தபோது ஆயத்துறையை விட்டே எழுந்து போனான். ஆகையால் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானித்த தானியேல், தன்னைக் கவனிக்க வைக்கப்பட்ட விசாரிப்புக்காரனோடு சண்டையிடாமல், பத்து நாள் சோதித்துப் பாரும் என்று மாற்று வழியைக் கேட்டான். நீங்களும் முதலாளியிடம் தனிமையில், அவர் செய்த உதவியை நன்றியோடு சொல்லியே, பொய்க்கணக்கு எழுத உங்களால் முடியாது என்று சொல்லுங்கள். நன்றிக்கடனை உழைப்பால் தீர்க்கலாம், மனச்சாட்சியைக் கொடுத்துத் தீர்க்கக் கூடாது.

மறுமொழி: செவிலியர், மதுரை

என் தகப்பனார் லோடுமேனாக வேலை செய்தவர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கூலிக்காரன் கூலி விடியற்காலம் வரை உன்னிடத்தில் தங்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. சரக்கு இறக்கியவர்களுக்கு மாலையில் கூலி கொடுக்காமல், "நாளைக்கு வா" என்று அனுப்பும் கடைகள் உண்டு. அன்றைய கூலியில்தான் அன்றைய அரிசி வாங்கும் வீட்டுக்கு அது என்ன செய்யும் என்பதை நான் அறிவேன். உங்கள் கடையில் கூலிப் பட்டியலை எழுதுவதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதை ஐந்து மணிக்குள் முடித்துக் கையில் பணத்தைக் கொடுத்தனுப்ப யாருடைய அனுமதியும் தேவைப்படாது. தீமைக்கு விலகுவதோடு நம் விசுவாசம் நின்றுவிடுவதை நான் ஏற்கவில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. கூலிப் பட்டியல் என் பொறுப்புதான். அதை நாளை முதலே முன்னதாக முடித்துவிடுகிறேன். முதலாளியிடமும் இந்த வாரம் பேசுகிறேன். அவரே முன்பு எழுதி வைத்துள்ள சீட்டுகளைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி: வரி ஆலோசகர், நாகர்கோவில்

உண்டு. விடுபட்ட விற்பனையைப் பிந்தைய மாத ரிட்டர்னில் காட்டி, வரியை வட்டியோடு செலுத்தலாம். துறை கண்டுபிடிக்கும் முன்பே தாமாகச் செலுத்துவது அவருக்கும் நல்லது என்று எடுத்துச் சொல்லுங்கள்.