பழைய பதிப்பா, புதிய பதிப்பா? ஹோம்ஸ்கூலுக்கு அமெரிக்க வரலாறு வாங்கியவர்களின் அனுபவங்கள்

ப்ளேனோ, டெக்சாஸ்

பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம், அதுதான் ஹோம்ஸ்கூல். இரண்டு பேருக்கும் சேர்த்தே ஆகஸ்டில் அமெரிக்க வரலாறு ஆரம்பிக்கிறோம். எந்தப் புத்தகம் என்பதில் குழப்பமில்லை. ஜாய் ஹக்கிம் எழுதிய 'எ ஹிஸ்டரி ஆஃப் அஸ்', பத்துத் தொகுதி. கதை சொல்கிற நடை, ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பெட்டிச் செய்திகள். பிள்ளைகள் எடுத்தால் கீழே வைப்பதில்லை.

குழப்பமெல்லாம் பதிப்பில்தான். முதல் பதிப்பு 1993இல் வர ஆரம்பித்தது. 1999இல் இரண்டாவது, 2000களின் தொடக்கத்தில் மூன்றாவது, அப்புறம் அதிலேயே திருத்தியது ஒன்று. ஊர் நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் முதல் பதிப்பில் ஏழு தொகுதிகள், ஒன்று ஒரு டாலர் வீதம் கிடைத்துவிட்டன. மீதி மூன்றைக் கிடைக்கிற பதிப்பில் வாங்கிச் சேர்த்துக்கொள்வதா, இல்லை மொத்தத்தையும் புதிதாகவே வாங்குவதா?

எங்கள் மாநிலத்தில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. 1994இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் வழி. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இவற்றைப் பாடத்திட்டம் வைத்து ஒழுங்காக நடத்தினால் போதும். ஆகவே முடிவு முழுக்க என் தலையில். நடத்திப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

எங்களுடையது வேறு பாடத்திட்டம். தடியாக ஒரே பாடநூல், கூடவே டீச்சர் கைடு, ஒர்க்புக், டெஸ்ட், ஆன்சர் கீ. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். கைடைப் புதிதாக வாங்கினோம், பாடநூலை மட்டும் ஆன்லைனில் பழசாக. விற்றவர் புதிய அட்டையின் படத்தைப் போட்டிருந்தார், வந்து சேர்ந்ததோ அதற்கு முந்தைய பதிப்பு. அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்கு இந்தப் பக்கம் என்று கைடு சொல்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் இன்னும் அதற்கு வெகு முந்தைய ஈரி கால்வாயைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திருப்பி அனுப்பப் பார்த்தோம், பதிலே இல்லை. கடைசியில் உட்கார்ந்து பாடத் தலைப்புகளை வைத்துப் பொருத்தி, கைடின் ஓரத்தில் பென்சிலால் பழைய பக்க எண்களை எழுதினேன். வாசிப்புக்கு அது போதும். டெஸ்டுக்குத்தான் ஆகவில்லை. புதிதாகச் சேர்த்த பத்திகளிலிருந்தும் கேள்வி வருகிறது, பிள்ளை முழிக்கிறான்.

அதனால் ஒன்று சொல்கிறேன். பழசு வாங்கினால் பதிப்புரிமைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அட்டையை நம்பாதீர்கள். அந்தப் பக்கத்தின் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கிற மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. 10 9 8 7 6 5 4 என்று நின்றால் நான்காவது அச்சு. கவனியுங்கள், அது அச்சுதான், பதிப்பு இல்லை. 2012இல் அச்சடித்த பிரதி 2003இன் பதிப்பாக இருக்கலாம். பதிப்புக்கு ஐஎஸ்பிஎன்னை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். அதிலும் சாதா அட்டைக்கு ஓர் எண், கெட்டி அட்டைக்கு வேறு எண் இருக்கும். ஆகவே கைடு எந்த எண்ணைச் சொல்கிறதோ அதோடு ஒப்பிடுவதே பத்திரம்.

இங்கே சட்டம் உங்களைப் போல இலகு இல்லை. அமெரிக்க வரலாறும் பென்சில்வேனியா வரலாறும் கட்டாயம், வாசித்த புத்தகப் பட்டியலும் பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவும் வைக்க வேண்டும், அதைப் பார்த்து மதிப்பிடுகிற எவாலுவேட்டரின் சான்று ஜூன் 30க்குள் போக வேண்டும். எங்கள் எவாலுவேட்டர் பையனோடு உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பதிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எடிசன், நியூ ஜெர்சி

என் கட்சி, பழசைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது. ஆனால் எந்த இடத்தில் பழசு காலாவதியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு நடத்த வேண்டும். அந்த இடங்கள் பயப்படுகிற அளவுக்கு அதிகமில்லை.

எங்கள் வீட்டில் 90களில் அச்சான ஒரு பாடநூலும் சமீபத்திய ஒன்றும் மேஜைமேல் சேர்ந்தே கிடக்கும். பையன் பழசைப் படித்துவிட்டு, அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் 19 முறை தெற்கே போய் 300 பேரை மீட்டார் என்றான். மகள் புதியதைப் பார்த்துவிட்டு 13 முறை, சுமார் 70 பேர் என்றாள். இரண்டு பேருக்கும் சண்டை. நூலகத்துக்குப் போய்த் தேடியதில் கிடைத்த விவரம் இது. பெரிய எண்ணிக்கை சாரா பிராட்ஃபோர்ட் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது. பணமுடையில் இருந்த டப்மனுக்கு உதவத்தான் அந்தப் புத்தகமே எழுதினார், எண்களைப் பெருக்கிவிட்டார். 2000களில் ஆய்வாளர்கள் ஆவணங்களைத் துருவி, பெயர் பெயராகப் பார்த்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். "அப்போ அந்த அம்மா பொய் சொன்னாங்களா?" என்று பையன் கேட்டான். நல்லதுக்காகக் கூட்டிச் சொல்வது பொய்யா என்று அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க விவாதம். புதிய பதிப்பு ஒன்றை மட்டும் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

இப்படி இன்னும் சில. ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் குடியேறிய ஜேம்ஸ்டவுனின் 1607 கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். தொல்லியல் ஆய்வாளர் வில்லியம் கெல்சோ 1994இல் தோண்ட ஆரம்பித்தார், கோட்டை கிடைத்துவிட்டது என்று 1996இல் அறிவித்தார்கள். ப்ளேனோ சகோதரி வாங்கிய முதல் பதிப்பின் ஆரம்பத் தொகுதிகள் 1993இல் வந்தவை, ஆகவே அவற்றில் அது இருக்க வாய்ப்பே இல்லை. அதிபர் ஜெஃபர்சனுக்கும் அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் குழந்தைகள் இருந்தன என்பதைப் பழைய புத்தகங்கள் வதந்தி என்று கடந்துபோகும், அல்லது வாயே திறக்காது. 1998இல் டிஎன்ஏ சோதனை வந்து, 2000இல் அவர் வீடான மாண்டிசெல்லோவை நடத்துகிற அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் 6,20,000 என்பது நூறாண்டுக் கணக்கு. மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து 2011இல் வந்த மதிப்பீடு ஏழரை லட்சத்துக்குப் போகிறது. அதிபர் நிக்சனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் ஊழலில் செய்தி கசியவிட்டவர் யார் என்ற மர்மம் 2005இல் தீர்ந்தது, எஃப்பிஐயின் மார்க் ஃபெல்ட். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் வியட்நாம் போரின் அடையாளம் தெரியாத வீரர் என்று அடக்கம் செய்யப்பட்டிருந்தவரை 1998இல் அடையாளம் கண்டு குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். மகளுக்கு இதில்தான் ஆர்வம் அதிகம், எனக்கும்தான்.

என் கணக்குப்படி முதல் தொகுதியும் கடைசித் தொகுதியும் புதிதாக இருக்க வேண்டும். ஆதி அமெரிக்கர்கள் எப்போது வந்தார்கள் என்பதே இப்போது தலைகீழாகிவிட்டது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுப் பழமை என்று 2021இல் சொன்னார்கள். கடைசித் தொகுதிக்குக் காரணமே சொல்ல வேண்டாம், 2001 செப்டம்பர் தாக்குதல் இல்லாத அமெரிக்க வரலாறு எதற்கு? நடுவில் இருப்பவை ஒரு டாலர் புத்தகமே போதும், ஓரத்தில் திருத்தம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற எங்கள் கோ-ஆப்பில் எல்லோரும் ஒரு கிறிஸ்தவப் பதிப்பகத்தின் புத்தகத்தைத்தான் நடத்தினார்கள், நாங்களும் அதையே பழைய பதிப்பில் வாங்கினோம். பாடத்துக்குப் பாடம் வசனம், ஜெபம். அது எங்களுக்கு இஷ்டமே. அடிமை முறைப் பாடத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. மொத்தம் ஒன்றரைப் பக்கம், அதில் பாதி நல்ல எஜமானர்களைப் பற்றி. என் பாட்டி தோள்சீலைப் போராட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். நாடார் பெண்கள் தோளை மறைக்கத் திருவிதாங்கூர் அரசு 1859இல்தான் அனுமதித்தது. அப்படிப்பட்ட வீட்டில் வந்து நல்ல எஜமான் கதை சொன்னால் எடுபடுமா?

அதே புத்தகத்தின் புதிய பதிப்பைக் கோ-ஆப்பில் ஒருவர் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். அந்தப் பாடம் முழுசாக மாறியிருந்தது. அடிமையாக இருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ் எழுதியதையே நீளமாக எடுத்துப் போட்டிருந்தார்கள். வசனங்கள் அப்படியே இருந்தன. ஆக, கிறிஸ்தவப் புத்தகம், மதம் கலக்காத புத்தகம் என்று இரண்டாகப் பிரித்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரே பதிப்பகம், ஒரே புத்தகம், பதிப்புக்குப் பதிப்பு மனசு மாறியிருக்கும். மாதிரிப் பக்கம் கேட்டால் முதல் பாடத்தைத்தான் அனுப்புவார்கள். அடிமை முறை பற்றிய பாடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

ஹூஸ்டன் அக்கா சொன்னது சரி. நான் இன்டெக்ஸிலிருந்து தொடங்குவேன். சீனர்களைத் தடுத்த 1882 சட்டம், வந்து இறங்கியவர்களைத் தடுத்துவைத்த ஏஞ்சல் தீவு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம்கள், 1965 குடியேற்றச் சட்டம், இந்த நான்கும் எத்தனை பக்கம் என்று பார்ப்பேன். 1965 சட்டம் இல்லாவிட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த நாட்டிலேயே இருந்திருக்க மாட்டோம், ஆனால் நான் பார்த்த பழைய பதிப்பு ஒன்றில் அது அரை வரி.

பகத் சிங் திந்த் வழக்கை எந்தப் பதிப்பிலும் எதிர்பார்க்காதீர்கள், இருந்தால் அதிர்ஷ்டம். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியாவிலிருந்து வந்த அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்றது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் அவர். இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி திறந்தது 1946இல், அதுவும் புதிதாக வர ஆண்டுக்கு 100 பேருக்கு மட்டும் இடம். பத்தே ஆண்டில் தலிப் சிங் சவுந்த் எங்கள் கலிபோர்னியாவிலிருந்தே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வானார். இதை நான் தனியாக ஒரு வாரம் நடத்துவேன். இதற்காகப் புது பதிப்பு வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள்.

கேரி, வட கரோலினா

எடிசன் அண்ணா கோபிக்கக் கூடாது. இரண்டு புத்தகத்தை விரித்துவைத்து ஒப்பிடுவது அப்பாக்களுக்குத்தான் சுவாரசியம். என் நான்காம் வகுப்புக்காரியிடம் ஒரே விஷயத்துக்கு இரண்டு எண் சொன்னால், "எதும்மா சரி, அதை மட்டும் சொல்லு" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். ஏழாம் வகுப்புக்கு அது சரி. சின்னவனுக்கு ஒரே புத்தகம் போதும்.

ஹக்கிம் வரிசையைப் பதிப்பு கலந்துதான் நாங்கள் முடித்தோம். கதையாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை. ஆவணங்களும் இன்டெக்ஸும் 11ஆவதாகத் தனிப் புத்தகம் உண்டு, பதிப்பு கலந்தால் அதிலுள்ள பக்க எண்கள் பொருந்தாமல் போகலாம், அவ்வளவே. கைடும் டெஸ்டும் வாங்குவதாக இருந்தால் மட்டும் பிட்ஸ்பர்க்காரர் சொன்னதைக் கேளுங்கள்.

எங்களிடம் மூன்றாம் பதிப்பில் பத்தாம் தொகுதி சும்மா இருக்கிறது, முதல் தொகுதியும் உண்டு. முதல் தொகுதியில் பின்னட்டை ஓரம் நாய் கடித்தது, உள்ளே பக்கமெல்லாம் சுத்தம். ப்ளேனோவுக்கு வேண்டுமானால் புத்தகங்களுக்கான மலிவுத் தபாலான மீடியா மெயிலில் போடுகிறேன், தபால் செலவு மட்டும் கொடுங்கள்.