குறிஞ்சிக் கன்று நினைவுப் பரிசு வேண்டாம் (தெம்பனிஸ் சித்தப்பா மன்னிக்க)

பழனி மலையின் மேல்மலைச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் குடும்ப விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஊரிலிருந்து ஆளுக்கொரு குறிஞ்சிக் கன்று, அதுதான் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற நம் நீலக்குறிஞ்சி, வரவழைத்துக் கொடுக்கலாம் என்று தெம்பனிஸ் சித்தப்பா போன வாரம் எழுதியிருந்தார். உடனே பாதிப்பேர் கைதட்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் சின்ன விஷயம். அது இங்கே பிழைக்காது. குறிஞ்சி ஏறக்குறைய 1,340 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் உயரம் வரை இருக்கிற செடி, சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். கரையோரப் பூந்தோட்டத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் குளிரூட்டி 35 மீட்டருக்கு ஒரு மலையே கட்டி வைத்திருக்கிறார்கள், அந்த மாதிரி வசதி உள்ளவர்கள் வளர்த்துப் பார்க்கலாம். நம் அடுக்குமாடி புளோக் நடைபாதைத் தொட்டியில் முடியாது. சாங்கி விமான நிலையத்தில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள் என்பது இன்னொன்று. அதைவிடப் பெரியது, ஊரில் கன்றைப் பிடுங்குவதே இப்போது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சியைச் சேர்த்துவிட்டார்கள், பிடுங்கினால் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு சிறையும் உண்டு என்று 2023-இலேயே செய்தி வந்தது. விழாப் பரிசுக்காக நம் ஊர்ப் பையன் ஒருவன் வனத்துறையிடம் மாட்டிக்கொண்டால் யார் போய் நிற்பது?

சரி, ஏன் இத்தனை கெடுபிடி என்று உட்லண்ட்ஸ் அண்ணன் கேட்டிருந்தார். "மலை முழுக்க நீலமாகப் பூக்குமே, அது எப்படி அரிய செடி?" நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2024-இல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கெடுக்கும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் நீலக்குறிஞ்சியை முதல்முறையாக மதிப்பிட்டு 'அழிவாய்ப்பு இனம்' என்று போட்டார்கள். அருகிய இனம் என்பதற்கு ஒரு படி கீழே. எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தாலும் வாழிடம் சுருங்கினால் இந்தப் பட்டியலில் ஏறிவிடும், மூன்று தலைமுறைக் காலத்துக்குள் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் போதும். குறிஞ்சிக்கு ஒரு தலைமுறை 12 வருஷம், அப்படியானால் 36 வருஷக் கணக்கு. அதற்கு இருந்த இடத்தில் சுமார் 40 சதவீதம் போய்விட்டதாம். இருப்பது தென்மேற்கு இந்தியாவின் உயர்ந்த மலைகளில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீலகிரி, மூணாறு, ஆனைமலை, அப்புறம் நம்ம பழனி மலை. கிழக்குப் பக்கம் ஏற்காட்டில் ஒரே ஒரு கூட்டம்.

இடம் எங்கே போனது என்றால், நம் கண்முன்னால்தான் போனது. தோல் பதனிடுவதற்கு வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம், காகிதக் கூழுக்கும் விறகுக்கும் தைல மரம், மிச்சத்தில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. பழனி மலையில் 40 ஆண்டில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மரம் நட்டால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், நாமும் புல்லை வெறும் தரிசு என்றே நம்பிவிட்டோம். குறிஞ்சிக்கு வீடே அந்தப் புல்வெளிதான்.

இப்போது என் கதை. அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு இதை மறைத்தால் அசிங்கம்.

2018 ஆகஸ்டில் லீவு போட்டு மனைவி மகளோடு ஊருக்குப் போனேன். எங்கள் மேட்டுக்காட்டுக்கு மேலே இருக்கும் சரிவு அப்படியே ஊதா கலந்த நீலம். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் விரல் நீளம்கூட இல்லாத சின்ன மணி, கொத்துக் கொத்தாய். மகள் கையை நீட்டினாள், அடுக்குத் தேனீ கையைச் சட்டையே செய்யாமல் பூவுக்குள் நுழைந்தது. அவ்வளவு வேலை அதற்கு. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

2021-இல் தம்பி போன் செய்தான். "அண்ணே, மேலே புதராக் கிடக்கு, ஜேசிபி வந்திருக்கு, சுத்தம் பண்ணிப் பூண்டு போட்டுரலாமா?" நான் ஷிப்ட் முடிந்து ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்ன புதர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போடு என்றேன்.

அது குறிஞ்சிதான். பூக்காத வருஷங்களில் அது யாருக்கும் குறிஞ்சியாகத் தெரியாது, பல் விளிம்பு இலையும் சொரசொரப்பான தண்டுமாக, ஆடுகூட விரும்பிக் கடிக்காத காட்டுச்செடி. பூத்ததும் தாய்ச்செடி முழுக்கச் செத்துவிடும், கீழே விழுந்த விதைதான் மொத்தச் சொத்து. அந்த விதையெல்லாம் ஒன்றாக முளைத்து, ஒன்றாக வளர்ந்து, 12-ஆம் வருஷம் ஒன்றாகப் பூக்கும். நடுவில் வேரோடு பிடுங்கினால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்கள் சரிவில் அன்று போனது மூன்று வயதுப் பயிர்.

பூண்டும் ஒழுங்காக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸாப்பில் வருஷா வருஷம் "12 ஆண்டுகளுக்குப் பிறகு குறிஞ்சி பூத்தது" என்று படம் வருகிறதே, அதை நம்பி அதுதான் அடிக்கடி பூக்கிறதே என்று நினைக்காதீர்கள். குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு. நீலக்குறிஞ்சியே மலைக்கு மலை வருஷம் மாறும், 2022-இல் இடுக்கி கள்ளிப்பாறையில் பூத்தது. நம் பக்கம் 1994, 2006, 2018. அடுத்தது 2030.

அந்த 2030-க்குச் சங்கம் இப்போதே டூர் பேக்கேஜ், டி-ஷர்ட் என்று பேச ஆரம்பித்திருக்கிறது. போகலாம், நானும் வருவேன். ஆனால் பூக்கிற சில வாரத்துக்கு வரும் கூட்டத்தால் போனதைவிட, யாரும் பார்க்காத 11 வருஷத்தில் ஜேசிபியால் போனதுதான் எனக்குத் தெரிந்து அதிகம். அதனால் பரிசுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே வைத்திருங்கள். மேல்மலையில் பட்டா நிலம் உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் வீட்டுக்குப் போன் போட்டு, எந்தச் சரிவில் எவ்வளவு குறிஞ்சி நிற்கிறது, வாட்டில் முளைத்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். வாட்டில் கன்றைச் சின்னதிலேயே பிடுங்க ஆள் கூலி கொடுத்தால் போதும், அதற்குச் சங்கப் பணம் தாராளமாகக் காணும். பெரிய மரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், அது வனத்துறையிடம் கேட்டுச் செய்யவேண்டிய வேலை.

தம்பியிடம் நேற்று கேட்டேன். பாறை ஓரத்தில் ஜேசிபி கை எட்டாத இடத்தில் பதினைந்து இருபது குத்து நிற்கிறதாம். என் பெயரில் முதல் வரியாக அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பொங்கோல் தங்கச்சி எக்செல் தாளைத் தயார் செய்தால் அடுத்த ஞாயிறு சமூக மன்றத்தில் உட்கார்ந்து நிரப்பலாம், வடை என் செலவு.

ஈசூனிலிருந்து,
மேட்டுக்காட்டு வீட்டுப் பெரியவன்